பித்தப்பை இல்லாவிட்டாலும் பித்தநீர் வரும்
பித்தப்பையை எடுத்தவர்களுக்குக் கொழுப்பு செரிக்கவே செரிக்காது என்று பித்தப்பை அறுவை சிகிச்சை பற்றிய கட்டுரையில் எழுதியிருப்பது சரியில்லை. கொழுப்பு செரிக்க உதவும் பித்தநீரைச் சுரப்பது கல்லீரல், தினமும் அரை லிட்டருக்கு மேல். பித்தப்பை அதில் கொஞ்சத்தைச் சேர்த்துக் கெட்டியாக்கி வைக்கும் சிறு பை, அவ்வளவுதான். பை போன பிறகு பித்தநீர் நேராகச் சிறுகுடலுக்குள் வடிந்துகொண்டே இருக்கும். கொழுப்பைச் செரிக்கும் லைபேஸ் என்ற நொதியும் கணையத்திலிருந்து வழக்கம்போல வரும். மும்பை மாட்டுங்காவில் இருக்கும் என் அம்மாவுக்குப் பித்தப்பையில் கல் வந்து பையை எடுத்து ஆறு வருடம் ஆகிறது. முதல் இரண்டு மாதம் நெய் ரோஸ்ட் சாப்பிட்டாலே வயிற்றுப்போக்கு. பாவம், பயந்துபோய் வெறும் கஞ்சியோடு இருந்தார். அப்புறம் எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தோம். இப்போது வடாபாவ் கூடச் சாப்பிடுகிறார். பித்தப்பைக் கல்லுக்கு அறுவை சிகிச்சை என்றால் பயமாக இருக்கிறது என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதியிருக்கும் செம்பூர் வாசகரே, வலியோடு நாளைத் தள்ளாமல் மருத்துவரிடம் பேசுங்கள். கல் நழுவிப் பித்தக்குழாயை அடைத்தால் மஞ்சள் காமாலை, கணைய அழற்சி வரை போய்விடும்.