முஷ்டிச் சின்னத்திலிருந்து மாணவர் பேரவைக்கு

கடைவீதிகளில் வளர்ந்த தலைமுறைக்கு அரசியல் வராது என்பது, சோசலிசம் சரிந்த நாடுகளைப் பற்றி நம்மில் பலர் எளிதாக வழங்கிவிடும் தீர்ப்பு. செர்பியாவை அறிந்த அளவில் இதை நான் ஏற்கவில்லை. நுகர்வு மோகம் அங்கே சோசலிசத்துக்குப் பின் வந்து இறங்கியதே அல்ல. செர்பியா அங்கமாயிருந்த சோசலிச யூகோஸ்லாவியாவை டிட்டோ ஆண்ட காலத்திலேயே, அந்நாட்டு மக்கள் ஜீன்ஸ் வாங்க எல்லை தாண்டி இத்தாலியின் திரியெஸ்தே நகருக்குப் போய்வந்தார்கள். அதே காலத்தில்தான், 1968 ஜூனில், தலைநகர் பெல்கிரேடின் மாணவர்கள், கட்சி அதிகாரத்தால் வசதி பெற்றவர்களைச் சாடி ‘சிவப்பு முதலாளி வர்க்கம் ஒழிக’ என்று முழங்கிப் பல்கலைக்கழகத்தைத் தம் வசப்படுத்தினார்கள்.

என்னை உறுத்துவது வேறொன்று: அரசியலே விற்பனைச் சரக்காகிவிடுவது. அப்போது ஆட்சியிலிருந்த ஸ்லோபோதான் மிலோசெவிச்சின் அரசு பல்கலைக்கழகங்களின் தன்னாட்சியைப் பறித்த 1998இல் பிறந்த ‘ஓட்போர்’ (எதிர்ப்பு) என்ற மாணவர் இயக்கம், முஷ்டிச் சின்னம், ஒட்டுவில்லைகள், டி-சட்டைகள், ‘அவன் கதை முடிந்தது’ என்ற முழக்கம் என விளம்பரக் கலையின் அத்தனை உத்திகளையும் கையாண்டது. அந்தத் துணிவை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 2000 அக்டோபர் 5 அன்று மிலோசெவிச் வீழ்ந்ததில் அதற்குப் பெரும் பங்குண்டு. ஆனால் 2003இல் அது கட்சியாகித் தேர்தலில் நின்றபோது 2 விழுக்காடு வாக்குகூடக் கிடைக்கவில்லை. முஷ்டிச் சின்னம் ஜார்ஜியாவுக்கும் எகிப்துக்கும் பரவியது. செர்பியாவிலோ, மிலோசெவிச்சின் தகவல் அமைச்சராக இருந்த வூச்சிச் 2017இல் நாட்டின் அதிபரானார். சின்னத்தை அணிந்தவர்கள் பல்லாயிரம் பேர் இருந்தும், வெற்றிக்குப் பிறகு கூடி முடிவெடுக்க அவர்களுக்கென்று ஓர் இடம் இல்லாமல் போனதே அந்தச் சரிவுக்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

2024 நவம்பர் 1 அன்று, செர்பியாவின் நோவி சாத் நகரில் புதுப்பிக்கப்பட்ட ரயில் நிலையத்தின் முகப்புக் கூரை இடிந்து விழுந்ததில் இறந்தவர்களின் எண்ணிக்கை பின்னர் 16 ஆனது. ஊழலே அவர்களைக் கொன்றது என்று வெகுண்டெழுந்த மாணவர்கள், தலைவர் என்று எவரையும் முன்னிறுத்தாமல், ஒவ்வொரு கல்லூரியிலும் ‘பிளீனம்’ என்ற பொதுப் பேரவையைக் கூட்டி, மணிக்கணக்கில் விவாதித்து, கை உயர்த்தி வாக்களித்து முடிவெடுத்தார்கள். ஊடகங்களிடம் பேசுபவர்களைக்கூட மாற்றிக்கொண்டே இருந்தார்கள். 2025 ஜனவரி இறுதியில், விலையேற்றத்தைக் கண்டித்து, செர்பிய மக்கள் பெரிய பல்பொருள் அங்காடிகளையும் புறக்கணித்தார்கள். வாங்குபவர் என்ற அடையாளத்தையே அவர்கள் எதிர்ப்புக்குப் பயன்படுத்தியதை நான் மிகவும் மதிக்கிறேன்.

2025 மே மாதம் முதல் மாணவர்கள் முன்கூட்டிய தேர்தலைக் கோரிவருகிறார்கள். தேர்தல் என்று வந்துவிட்டால் வேட்பாளர், சுவரொட்டி, முகம் எல்லாமே வேண்டியிருக்கும். அப்போதும் இறுதி முடிவு பேரவையின் கையிலேயே இருக்குமா என்பதுதான் என் கவலை.