அது கிளீவ்லாண்ட் கொடுத்த பரிசு அல்ல

அமெரிக்கத் தொழிலாளர் தினத்தை 1894இல் அதிபர் கிளீவ்லாண்ட் தொழிலாளருக்கு வழங்கிய பரிசு என்று உங்கள் கட்டுரை சொல்கிறது. அவர் கையெழுத்துப் போட்டது உண்மைதான். ஆனால் அதற்கு 12 ஆண்டுகள் முன்பே, 1882 செப்டம்பர் 5 அன்று, நியூயார்க் தொழிலாளர்கள் தாங்களாகவே ஊர்வலம் நடத்தி அந்த நாளைக் கொண்டாடிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை, வேலைநாள். வந்தவர்கள் அன்றைய கூலியை இழந்துதான் வந்தார்கள். காலையில் ஆள் போதவில்லை, வாத்தியமும் இல்லை. ஊர்வலத்தையே கைவிடலாமா என்ற பேச்சு எழுந்த நேரத்தில், பக்கத்து நகரமான நியூவார்க்கிலிருந்து நகைத் தொழிலாளர்கள் சுமார் 200 பேர் படகில் ஆற்றைக் கடந்து, பேண்டு வாத்தியத்தோடு வந்து சேர்ந்தார்கள். அப்புறம் வழியெங்கும் கூட்டம் சேர்ந்துகொண்டே போனது. இந்தக் காட்சி கட்டுரையில் இல்லாதது எனக்குப் பெரிய குறை.

தொழிலாளர் தின விடுமுறைக்கு 1887இல் ஓரிகன் மாநிலம் முதலில் சட்டம் இயற்றியது. 1894க்குள் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் விடுமுறை அறிவித்துவிட்டன.

சரி, 1894இல் என்ன நடந்தது? புல்மேன் ரயில்பெட்டி நிறுவனம் கூலியைக் குறைத்தது, தன் குடியிருப்பில் வாங்கிய வாடகையை மட்டும் குறைக்கவில்லை. வேலைநிறுத்தம் நாடு முழுக்கப் பரவியது. ஜூன் 28 அன்று விடுமுறைச் சட்டத்தில் கையெழுத்திட்ட அதே கிளீவ்லாண்ட், ஒரு வாரத்துக்குள் சிகாகோவுக்கு ராணுவத்தை அனுப்பினார். அந்த மோதலில் சுடப்பட்டு இறந்தவர்களைப் பற்றி ஒரு வரியாவது கட்டுரையில் சேருங்கள்.