பில்லைப் பார்க்காதீர்கள், டயரைப் பாருங்கள்

புதுசை விட, மூன்று வருடம் ஓடிய மெர்சிடிஸ் ஜி.எல்.சி., பி.எம்.டபிள்யூ. எக்ஸ்3 போன்ற சொகுசுக் கார்களை வாங்குவதுதான் லாபம் என்கிறார் பழைய கார் பற்றி எழுதிய ஒரு கட்டுரையாளர். 2025 செப்டம்பர் 22 முதல் இந்த ரகப் புது வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி.யும் செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்ந்த 50 சதவீத வரி 40 ஆகிவிட்டதை அவர் ஏன் விட்டுவிட்டார்? விற்பவர்கள் அந்தப் பழைய வரி சேர்ந்த பில்லை நீட்டித்தான் பேரத்தைத் தொடங்குகிறார்கள். நீங்கள் வண்டியின் வயதுக்கான கழிவை இன்றைய ஷோரூம் விலையிலிருந்து கழியுங்கள்.

டெல்லி பதிவெண் கொண்ட டீசல் வண்டி மலிவாகக் கிடைக்கிறது என்று ஓடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பத்து வருடம் தாண்டிய டீசலுக்கு அங்கே கொண்டுவந்த கெடுபிடிதான் அந்த மலிவுக்குக் காரணம். தடையின்மைச் சான்று, இங்கே மறுபதிவு, சாலை வரி எல்லாம் கூட்டினால் மலிவு எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்கும்.

கிலோமீட்டர் கணக்கை நான் நம்புவதே இல்லை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. "20,000 கிலோமீட்டர்தான் ஓடியது" என்கிற 2021 மாடலில் நான்கு டயரும் 2024-இல் தயாரானவை என்றால், ஏன் மாற்றினீர்கள் என்று கேளுங்கள். காற்று இறங்கினாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்-ஃபிளாட் டயர் என்றால் மாற்றும் செலவையும் முன்பே விசாரித்துவிடுங்கள்.