ஆறு வயதுக்கு 200 அடி ஐஸ் எதற்கு?

ஐஸ் ஹொக்கியில் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள் முழு ரிங்கில் (ஐஸ் ஆடுகளத்தில்) ஆடக்கூடாது, குறுக்காகவோ அரை ரிங்கிலோதான் ஆடவேண்டும் என்று கனடாவின் தேசிய அமைப்பான ஹொக்கி கனடா 2017இல் விதி கொண்டுவந்தது. "இதெல்லாம் ஒரு ஹொக்கியா?" என்று இன்றைக்கும் முகம் சுளிக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. 200 அடி நீளத்தில் விட்டால் வேகமான இரண்டு பிள்ளைகள் பக் என்ற றப்பர் வட்டைக் கொண்டுபோவார்கள், மற்றவர்கள் பின்னால் துரத்தியே களைத்துப்போவார்கள். 85 அடி அகலத்துக்குள் ஆடும்போது எல்லோருடைய ஸ்ரிக்கிலும் பக் படும். நிற்கவும் திரும்பவும் வேண்டிய தேவை அடிக்கடி வரும். பழகவேண்டியதே அதைத்தானே!

பக்கும் அப்படித்தான். வழமையான கறுப்பு பக் 6 அவுன்ஸ், அதாவது 170 கிராம். சின்னவர்களின் நீல பக் 4 அவுன்ஸ். பாரமான பக் கொடுத்தால் பிள்ளை மணிக்கட்டைப் பாவிக்காது, கையை இறுக்கி முழு உடம்பாலும் தள்ளும். அந்தப் பழக்கத்தைப் பிறகு மாற்றுவது பெரும்பாடு.

பெற்றோருக்கு என் பெரிய வேண்டுகோள் ஸ்கேற் பற்றியது. அடுத்த வருஷமும் போடலாம் என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கி, தடித்த காலுறையால் நிரப்பாதீர்கள். கணுக்கால் உள்பக்கம் சாய்ந்தால் பிள்ளையின் காலைக் குறைசொல்ல முன் ஸ்கேற்றின் அளவைப் பாருங்கள். கயிறு கட்டாமல் கால்விரல்களை முன்னுக்கு முட்டவைத்தால், குதிக்காலுக்குப் பின்னால் உங்கள் ஒரு விரல் போகலாம், இரண்டு போகக்கூடாது. மெல்லிய காலுறை ஒரு சோடி போதும். புது ஸ்கேற்றின் பிளேடு பெரும்பாலும் தீட்டாமலே வரும், கடையிலேயே தீட்டுவித்து வாங்குங்கள். தீட்டாத பிளேடு பக்கவாட்டில் வழுக்கும், பிள்ளைக்குப் பயம் பிடித்துவிடும்.

ஸ்ரிக், ஸ்கேற்றோடு நிற்கும்போது நாடி மட்டத்துக்கு வரவேண்டும். நீளமென்றால் மேல்கை வயிற்றில் முட்டும். மேல்முனையில் வெட்டிக் குறையுங்கள்.

பயிற்றுநர்களே, அந்த நீண்ட வரிசையை விட்டுவிடுங்கள். 15 பிள்ளைகள் ஒரே வரிசையில், ஆளுக்கு 20 விநாடி என்றால் ஒருவருடைய முறை 5 நிமிடத்துக்கு ஒருக்கால்தான் வரும். 50 நிமிடப் பயிற்சியில் ஒரு பிள்ளை உண்மையில் அசைவது 3 நிமிடம் 20 விநாடி! மூன்று மூன்று பேராக ஐந்து இடங்களில் பிரித்து, 8 நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள்.

நிற்கப் பழக்குவதைச் சுவரோரத்தில் தொடங்குங்கள். ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஒரு காலின் உள்விளிம்பால் ஐஸைச் சுரண்டிப் பனித்தூள் கிளப்பட்டும். பிறகு மெதுவாகச் சறுக்கி வந்து, முழங்காலை மடித்து, இரண்டு குதிக்காலையும் வெளியே தள்ளச் சொல்லுங்கள். முழங்கால் விறைத்திருந்தால் பிளேடு சுரண்டாது, பிள்ளை நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும்.

விழுந்தால் தூக்கிவிட ஓடாதீர்கள். முழங்காலில் நின்று, ஒரு ஸ்கேற்றை முன்னால் ஊன்றி, இரண்டு கையையும் அந்த முழங்காலில் வைத்து அழுத்தினால் தானாக எழும்பும்.