பின்தங்கிய வேட்பாளரின் உரிமையும் அதன் எல்லையும்

உட்கட்சித் தேர்தலில் பின்தங்கியிருக்கும் வேட்பாளரை விலகச் சொல்லும் குரல்கள், முடிவு தெரிவதற்கு வெகு முன்பே எழுந்துவிடுகின்றன. அமெரிக்க ஜனநாயகக் கட்சியில் 2008-இல் ஒபாமாவும் ஹிலாரி கிளின்டனும் மோதிய, அதிபர் வேட்பாளரை மாநிலம் மாநிலமாகத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி தேர்தலை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது இதுதான்: கடைசி மாநிலம் வாக்களித்து முடிக்கும் வரை போட்டியில் நீடிக்கப் பின்தங்கியவருக்கு முழு உரிமை உண்டு. ஆனால், ஒப்புக்கொண்ட விதியைப் பாதியில் மாற்றச் சொல்லவும், எதிர்க்கட்சி நாளை எடுத்தாளக்கூடிய பேச்சைத் தன் கட்சிக்காரர் மீது வீசவும் அவருக்கு உரிமை இல்லை.

கட்சித் தலைமை நேர்காணல் நடத்தி வேட்பாளர் பட்டியலை அறிவிக்கும் முறைக்குப் பழகிய நமக்கு, அங்குள்ள கணக்கைச் சற்று விளக்க வேண்டும். ஜனநாயகக் கட்சியில் ஒரு மாநிலத்தை வென்றவர் அதன் பேராளர்கள் (கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க வாக்களிப்பவர்கள்) அனைவரையும் அள்ளிக்கொண்டு போக முடியாது. 15 சதவீத வாக்குகளை எட்டிய எல்லோருக்கும் விகிதப்படி பங்கு உண்டு. பிப்ரவரியில் வரிசையாக மாநிலங்களை வென்று ஒபாமா எடுத்த முன்னிலையை, ஒஹையோவிலும் பென்சில்வேனியாவிலும் ஏறத்தாழ ஒன்பது சதவீத வித்தியாசத்தில் வென்றும் கிளின்டனால் ஈடுகட்ட முடியாமல் போனதற்கு இதுவே காரணம். பென்சில்வேனியாவின் 158 பேராளர்களில் அவருக்குக் கூடுதலாகக் கிடைத்தவர்கள் ஒரு டஜன் பேர்தான்.

இந்தக் கணக்கை வைத்துத்தான், ஒபாமாவை ஆதரித்த செனட்டர் பேட்ரிக் லேஹி அந்த மார்ச் மாத இறுதியில் கிளின்டன் விலக வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். பென்சில்வேனியா, இந்தியானா, வட கரோலினா, மேற்கு வர்ஜீனியா, கென்டக்கி, ஒரேகான் என்று பல மாநில மக்கள் அப்போது வாக்களித்தே இருக்கவில்லை. அவர்களுடைய வாக்கு வெறும் சடங்காகிவிட வேண்டும் என்று கேட்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கிளின்டன் விரும்பும் வரை போட்டியிடலாம் என்று அடுத்த நாளே ஒபாமா சொன்னது, முன்னிலையில் இருப்பவரும் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு நல்ல உதாரணம்.

போட்டி நீண்டதால் கட்சிக்குக் கேடு விளைந்ததா என்றால், நடந்ததைப் பார்க்கலாம். வழக்கமாக மே மாதத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும் என்பதால் யாரும் எட்டிப் பார்க்காத இந்தியானாவிலும் வட கரோலினாவிலும், அந்த ஆண்டு இருவரும் ஊர் ஊராகச் சுற்றினார்கள். தொண்டர் அமைப்புகள் உருவாயின, புதிய வாக்காளர்கள் பதிவு செய்யப்பட்டார்கள். நவம்பரில் ஒபாமா அந்த இரு மாநிலங்களையும் மிகக் குறைந்த வித்தியாசத்தில் வென்றார். இந்தியானாவில் ஒரு ஜனநாயகக் கட்சி வேட்பாளர் அதற்கு முன் வென்றது 1964-இல். வட கரோலினாவில் 1976-இல். அந்த வெற்றிகளுக்குக் காரணங்கள் பல இருக்கலாம், ஆனால் மே மாதப் போட்டிக்கு அதில் பங்கே இல்லை என்று எவரும் சொல்ல முடியாது.

எனக்கு உண்மையில் கோபம் வருவது மிச்சிகன் விவகாரத்தில்தான். கட்சி குறித்த கால வரம்பை மீறி மிச்சிகனும் ஃபுளோரிடாவும் ஜனவரியிலேயே தேர்தல் நடத்தியதால், அவற்றின் பேராளர்கள் செல்லாது என்று கட்சி அறிவித்திருந்தது. அங்கே பிரசாரம் செய்வதில்லை என்று முக்கிய வேட்பாளர்கள் உறுதியளித்தார்கள்; ஒபாமா மிச்சிகன் வாக்குச்சீட்டிலிருந்து தன் பெயரையே எடுத்துவிட்டார். அந்தத் தேர்தல் கணக்கில் வராது என்று 2007 அக்டோபரில் கிளின்டனே வானொலிப் பேட்டி ஒன்றில் சொல்லியிருந்தார். பின்தங்கிய பிறகு அதே வாக்குகள் எண்ணப்பட வேண்டும் என்பது அவருடைய முதன்மையான கோரிக்கைகளில் ஒன்றாகிவிட்டது. பேராளர்களைப் பறிக்கும் முடிவுக்கு வாக்களித்த விதிகள் குழு உறுப்பினர் ஹரால்ட் இக்கீஸ், 2008 மே 31 அன்று அதே குழுவில் அமர்ந்து கிளின்டனுக்காக அதற்கு நேர்மாறாக வாதாடினார். எதிராளியின் பெயரே இல்லாத சீட்டில் வாங்கிய வாக்குகளை வெற்றி என்று காட்டுவதை எந்த நியாயத்தில் சேர்ப்பது? அந்த வாக்காளர்கள் மீதான அக்கறை உண்மையானதாக இருந்திருந்தால், கட்சி முடிவெடுத்த 2007-லேயே அது வந்திருக்க வேண்டும்.

வார்த்தைகள் விஷயத்திலும் இப்படியே. சுகாதாரக் காப்பீட்டுத் திட்டத்தில் யாருடைய வழி சரி என்று இருவரும் மாதக்கணக்கில் சண்டையிட்டது முழுக்க நியாயமானது. ஆனால் மார்ச் தொடக்கத்தில், முப்படைத் தலைமைக்கான தகுதியைத் தானும் குடியரசுக் கட்சியின் மெக்கெய்னும் எட்டிவிட்டதாகவும், ஒபாமாவைப் பற்றி அவரிடமே கேட்டுக்கொள்ளுமாறும் கிளின்டன் பேசினார். அது கொள்கை வேறுபாடு அல்ல. சொந்தக் கட்சிக்காரரைவிட எதிர்க்கட்சி வேட்பாளர் மேல் என்று சான்றிதழ் கொடுப்பது. ஆகஸ்டில் மெக்கெய்ன் தரப்பு கிளின்டனின் பேச்சுகளையே எடுத்துத் தொலைக்காட்சி விளம்பரம் செய்தது. எந்த வேட்பாளருக்கும் கட்டுப்படாமல் வாக்களிக்கக்கூடிய கட்சிப் பிரமுகர்களான சூப்பர் டெலிகேட்டுகளைத் தன் பக்கம் இழுக்க முயன்றதில் எனக்குக் குறையில்லை, விதி அதற்கு இடம் தந்தது. அதற்காக மே மாதப் பேட்டி ஒன்றில் வெள்ளையின உழைப்பாளிகளின் ஆதரவு தனக்கே என்று வாதிட்டதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

இதைவிடக் கடுமையான முன்னுதாரணம் 1980-இல் உண்டு. பெரும்பான்மைப் பேராளர்கள் அப்போதைய அதிபர் ஜிம்மி கார்ட்டருக்கு உறுதியான பிறகும், தாங்கள் உறுதியளித்தவருக்கே வாக்களிக்க வேண்டும் என்று அவர்களைக் கட்டுப்படுத்திய விதியை நீக்கச் சொல்லி, அவரை எதிர்த்துப் போட்டியிட்ட செனட்டர் டெட் கென்னடி மாநாடு வரை போராடித் தோற்றார். நவம்பரில் கார்ட்டர் தோற்றதற்குப் பணவீக்கம், ஈரான் பிணைக்கைதிகள் என வேறு பெரிய காரணங்கள் இருந்தன என்றாலும், கென்னடி செய்தது தவறே.

கிளின்டன் அந்த அளவுக்குப் போகவில்லை. ஜூன் 3 அன்று கடைசி மாநிலங்கள் வாக்களித்தன, ஜூன் 7 அன்று விலகி ஒபாமாவை ஆதரித்தார். மிச்சிகன் விவகாரத்தை மாநாட்டுக்குக் கொண்டுபோகும் உரிமையை இக்கீஸ் தக்கவைத்திருந்தும், கிளின்டன் அதைப் பயன்படுத்தவில்லை. டென்வர் மாநாட்டில் மாநில வாரியான வாக்கெடுப்பு நியூயார்க்கை எட்டியபோது, அதை நிறுத்தி ஒபாமாவை ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கக் கிளின்டனே முன்மொழிந்தார். அது பெருந்தன்மை என்று பலரும் பாராட்டினார்கள், நானும் மதிக்கிறேன். ஆனாலும் அந்த வாக்கெடுப்பைக் கடைசி மாநிலம் வரை நடத்தியிருக்க வேண்டும் என்பதே என் எண்ணம். ஜூன் வரை அவருக்காக வரிசையில் நின்று வாக்களித்தவர்களின் எண்ணிக்கை, அந்த மேடையில் ஒருமுறை முழுதாக வாசிக்கப்பட்டிருந்தால் ஒபாமாவுக்கு எந்தக் குறையும் வந்திருக்காது.