கை தட்டி எழுப்பிய படம் எனக்கு வேண்டாம்

போன வாரம் நடந்ததை எழுதாமல் விட்டால் மனசு ஆறாது.

விடியற்காலை ஏரிக்கரையில் நின்றுகொண்டிருந்தேன். நடுத்தண்ணீரில் முந்நூறு ஊசிவால் வாத்துகளாவது இருக்கும். பாதிக்கு மேல் அலகை முதுகில் செருகித் தூங்கிக்கொண்டிருந்தன. பக்கத்தில் ஒருவர் பெரிய லென்ஸை முக்காலியில் ஏற்றி எல்லாம் சரிபார்த்துவிட்டு, கூட வந்தவரிடம் "ம், தட்டு" என்றார். அவர் ஓங்கிக் கை தட்டினார். மொத்தக் கூட்டமும் அலறி எழுந்தது. கேமரா பத்து நொடி சடசடவென்று அடித்தது. நான் வெயில் ஏறும்வரை அங்கேயே இருந்தேன். ஒரு வாத்துகூடத் திரும்பி வரவில்லை.

பறக்கும் கூட்டத்தைப் படமெடுக்க எனக்கும் கொள்ளை ஆசைதான். ஆனால் பறவையை விரட்டி எடுக்கிற படத்தை நல்ல படம் என்று என்னால் ஒருபோதும் சொல்ல முடியாது. பாவம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, படமாகவே அது தேறாது. படமெடுத்தவர் அன்போடு கேமராத் திரையில் காட்டினார், பார்த்தேன். எல்லாம் முதுகும் வாலும். பயந்த பறவை நமக்கு முதுகைத்தானே காட்டும்? சிறகோடு சிறகு முட்டி, ஆளுக்கொரு திசையில் சிதறிக் கிடந்தது கூட்டம்.

தானாகக் கிளம்பும் கூட்டம் அப்படி இருக்காது. அது எதிர்காற்றில் எழும். அதனால் காற்று நம் முதுகில் படும்படி நின்றால் போதும், முகமும் மார்புமாக நம்மை நோக்கியே வரும். வெயிலும் முதுகுப்பக்கம் அமைந்துவிட்டால் அன்றைக்கு யோகம்தான். கிளம்பப் போவதையும் அவை ஒளிப்பதில்லை. முதலில் தூங்கிய தலைகள் நிமிரும். கழுத்துகள் நீளும். ஒன்றிரண்டு வாத்துகள் தலையை மேலும் கீழும் வெட்டி வெட்டி ஆட்டும், அது மற்றவற்றுக்கும் தொற்றும். சத்தம் கூடும். எல்லாம் காற்றுப் பக்கமாகத் திரும்பும். அப்போது விரல் ஷட்டரில் இருக்க வேண்டும். பூநாரை என்றால் இன்னும் வசதி, தண்ணீர்மேல் நாலைந்து எட்டு ஓடித்தான் அதனால் எழ முடியும்.

கேமரா விஷயம் கொஞ்சம்தான். நான் ஷட்டர் வேகத்தை 1/2000 நொடியில் வைப்பேன், கொசு உல்லான் மாதிரிச் சின்னப் பறவைகளுக்கு அதற்கும் மேலே. முன்னும் பின்னுமாகப் பறப்பவை ஓரளவாவது தெளிவாக விழ அபெர்ச்சர், அதாவது லென்ஸ் திறப்பு, எஃப்8. பின்னால் வெளுத்த வானம் இருந்தால் கேமரா ஏமாந்து பறவைகளைக் கரியாக்கிவிடும், ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்காக, வெளிச்சம் கூட்ட வேண்டும். ஃபோகஸைக் கூட்டத்தின் நடுவில் வைத்தால் அது பறவைக்குப் பறவை தாவும். ஓரத்தில் நமக்குக் கிட்டத்தில் வரும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதோடு போவதே என் வழக்கம்.

ஆயிரம் பறவையையும் ஒரே படச்சட்டத்துக்குள் அடைக்கிற ஆசையையும் நான் விட்டுவிட்டேன். ரோமில் ஒரு குழு, மாலையில் அடைய வரும் ஸ்டார்லிங் என்ற சின்னப் பறவைகளின் கூட்டங்களை ஒரு கட்டடத்தின் மேலிருந்து பல கேமராக்களில் ஒரே நேரத்தில் படமெடுத்து, ஒவ்வொரு பறவையும் எங்கே இருந்தது என்று கணக்கிட்டது. 2008இல் வெளியிட்ட முடிவு இது: ஒரு பறவை தன்னைச் சுற்றியுள்ள ஆறேழு பறவைகளை மட்டுமே கவனித்துத் திரும்புகிறது. அவை பக்கத்தில் இருந்தாலும் சற்றுத் தள்ளி இருந்தாலும் கணக்கு அதேதான். இதைப் படித்த நாளிலிருந்து நான் அந்த ஆறேழைத்தான் தேடுகிறேன். உல்லான் கூட்டம் வளையும்போது பழுப்பு முதுகு மறைந்து வெள்ளை வயிறு பளிச்சென்று தெரியும். அந்த வெள்ளை ஒரு மூலையில் தொடங்கி மறுமூலைக்கு ஓடும். பாதி பழுப்பு, பாதி வெள்ளை என்று ஒரு கணம் கிடைக்கிறதே, அதற்காக எத்தனை நாள் வேண்டுமானாலும் நிற்கலாம்.

"ஒரு தடவை பறந்தால் என்ன குறைந்துவிடும்" என்று அன்றைக்கு அவர் கேட்டார். குறையும். 2022இல் ஐந்து மாதமே ஆன ஒரு பட்டைவால் மூக்கன் என்ற கரைப்பறவை அலாஸ்காவிலிருந்து டாஸ்மானியா வரை 13,500 கிலோமீட்டருக்கு மேல், 11 நாள் எங்கும் இறங்காமல் பறந்தது. செயற்கைக்கோள் கருவி பொருத்தியிருந்ததால் தெரிந்தது. அவ்வளவு தூரத்துக்கும் எரிபொருள் உடம்பில் சேர்த்த கொழுப்புதான். வலசை வந்த பறவை இரை தேடுவதும் தூங்குவதும் அந்தச் சேமிப்புக்காக. நாம் ஒருமுறை கை தட்டினால் அதிலிருந்து ஒரு பங்கு போகிறது. நாளைக்கு நாலு பேர் வந்து நாலு முறை தட்டினால்? ட்ரோனைக் கொண்டுபோய் கூட்டத்துக்குள் விடுகிறவர்களைப் பற்றி எழுதத் தொடங்கினால் கோபம்தான் வரும்.

நேற்று மறுபடி அதே கரைக்குப் போனேன். வாத்துகள் வந்திருந்தன, முன்பைவிடக் குறைவாக. இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எட்டு மணி வாக்கில் ஒரு கழுத்து நிமிர்ந்தது, அப்புறம் பத்து, அப்புறம் எல்லாம். எழுந்து என் தலைக்கு மேலாகவே வந்தன. சிறகுக் காற்றின் விசில் காதில் கேட்டது. இருபத்து மூன்று படங்களில் இரண்டு தேறின. கேமராவை இறக்கிவிட்டுப் பார்த்தேன், ஏரியை ஒரு சுற்று சுற்றிவிட்டு அதே தண்ணீரில் வந்து இறங்கின.