பசித்த தலைமுறையைத் தொடங்கியவர் கின்ஸ்பெர்க் அல்லர்

வங்காளத்தின் ‘பசித்த தலைமுறை’ இலக்கிய இயக்கத்தைக் கல்கத்தாவுக்கு வந்த அமெரிக்கக் கவிஞர் ஆலன் கின்ஸ்பெர்க்தான் தொடங்கினார் என்றும், உண்மையில் அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான வங்காளக் கவிஞர் மலய் ராய் சௌத்ரி தம் கவிதைக்காகப் பல ஆண்டுகள் சிறையில் கிடந்தார் என்றும் ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றிவருகிறது. இரண்டுமே தவறு.

இயக்கத்தின் முதல் துண்டறிக்கை 1961 நவம்பரில் பாட்னாவிலிருந்து வெளிவந்தது. வங்காள எழுத்தில் அச்சடிக்க அங்கே அச்சகம் கிடைக்காததால் அது ஆங்கிலத்திலேயே அச்சாயிற்று. அந்த ஒற்றைத் தாள்கள் கல்கத்தா காபி ஹவுஸில் கைக்குக் கை மாறின. கின்ஸ்பெர்க் இந்தியா வந்தது 1962-இல்தான் என்பதை, அவரது இந்திய நாட்குறிப்பு நூலைப் புரட்டினாலே சரிபார்த்துக்கொள்ளலாம். பின்னர் மலய் மீது வழக்கு வந்தபோது கின்ஸ்பெர்க் ஆதரவாகக் கடிதங்கள் எழுதியது உண்மை, ஆனால் ஆதரித்தவரைத் தோற்றுவித்தவராக்குவது, கைக்காசைப் போட்டு அச்சிட்ட மலய் முதலான இளைஞர்களின் உழைப்பை மறைத்துவிடுகிறது.

மலய் 1964 செப்டம்பரில் கைதானார். கையில் விலங்கிட்டுத் தெருவில் நடத்திச் செல்லப்பட்டார். ஒரு கவிதைக்காக, ஆபாசக் குற்றச்சாட்டின் பேரில், கீழ்நீதிமன்றம் 1965 டிசம்பரில் விதித்த தண்டனை 200 ரூபாய் அபராதம், கட்டத் தவறினால் ஒரு மாதச் சிறை. அதையும் கல்கத்தா உயர்நீதிமன்றம் 1967 ஜூலையில் ரத்துசெய்து அவரை விடுவித்தது. அத்தீர்ப்பு நீதிமன்றப் பதிவில் உள்ளது.

அச்செய்தி உங்களுக்கு வந்தால், தயவுசெய்து மேலும் பகிராதீர்கள். அனுப்பியவரிடம் இந்தத் தேதிகளைச் சொல்லுங்கள்.